கண்ணாடி மணியா, பிளாஸ்டிக் மணியா? கடைக்காரர் அறிய வேண்டியவை

மளிகைக் கடைக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். ஆடி பிறந்தால் தெரியும். ஆடிப்பெருக்குக்கும் வரலட்சுமி நோன்புக்கும் மஞ்சள், குங்குமம், மஞ்சள் கயிறு வாங்க வருகிறவர்கள் கூடவே காதோலை கருகமணியும் கேட்கிறார்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் நாட்டு மருந்துக் கடை, பூஜைச் சாமான் கடை மட்டுமல்ல, சாதாரண மளிகைக் கடையிலும் அது தொங்குகிறது. பிறகு நவராத்திரி வருகிறது. கொலு பொம்மைக்கு மாலை, கலசத்துக்கு அலங்காரம், தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்க ஒரு சரம். இதற்கு மேல், கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் பெண்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொடி மணி வருடம் முழுவதும் தேவை. ஆகவே மணி என்பது ஃபேன்சி ஸ்டோர்காரர் சமாசாரம் என்று நாம் ஒதுங்க முடியாது.

ஆனால் கண்ணாடி மணி என்று நம் கடைகளில் விற்கும் பல சரங்கள் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். இன்னும் சில, கண்ணாடிதான், ஆனால் நிறம் மேலே பூசியது. விற்கிறவருக்கே இது தெரிவதில்லை. சரம் என்று வருகிறது, சரம் என்று போகிறது.

தெரியாமல் விற்பதால் என்ன ஆகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறோம். தியாகராய நகரில் எங்களிடம் வேறு சரக்கு எடுக்கும் சிறு வியாபாரி ஒருவர், வெளியூர் ஏஜெண்ட் ஒருவரிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பொடி மணி வாங்கி வைத்தார். அடையாறிலிருந்து வந்த ஒரு அம்மாள் மகளின் முகூர்த்த ரவிக்கைக்காக அதை வாங்கிப் போனார். ஆரி வேலை முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. ரவிக்கையை டிரைகிளீனிங் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது மயில் கழுத்து நிறத்தில் இருந்த மணியெல்லாம் தண்ணீர் நிறத்தில் இருந்தன. மணிக்கு ஆன செலவு இருநூறு ரூபாய்கூட இல்லை. வேலைக்கூலி பல ஆயிரம். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை, ரவிக்கையைக் கவுண்டரில் வைத்துவிட்டு நின்றார். வியாபாரி பாதிக் கூலியைக் கொடுத்துச் சமாதானம் செய்தார். வருடக்கணக்காக வந்துகொண்டிருந்த அந்தக் குடும்பம் பிறகு அந்தக் கடைப் படி ஏறவில்லை. ஏஜெண்ட், "நான் கண்ணாடி என்றுதானே சொன்னேன், சாயம் நிற்கும் என்று சொன்னேனா?" என்று கேட்டாராம். அதுவும் நியாயம்தான், கேட்டு வாங்க வேண்டியவர் நாம்.

நம் தராசே போதும்

சரக்கைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மளிகைக் கடையில் இருக்கும் தராசும் உப்பும் போதும்.

கண்ணாடி, பிளாஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு எடை உள்ளது. 8 மில்லிமீட்டர் உருண்டை மணி 50 கோத்த சரம் ஏறக்குறைய 16 அங்குல நீளம் வரும். அது கண்ணாடியானால் 30 கிராமுக்கு மேல் நிற்கும். பிளாஸ்டிக் ஆனால் 15, 16 கிராமோடு நின்றுவிடும். எலெக்ட்ரானிக் தராசில் சரத்தைப் போட்ட மாத்திரத்தில் விஷயம் தெரிந்துபோகும். கையால் செய்த மணியில் துளையும் பருமனும் முன்பின் இருக்குமாதலால் இரண்டு மூன்று கிராம் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம். பாதிக்குப் பாதி குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பொடி மணியை இப்படி நிறுத்துப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு டம்ளர் தண்ணீரில் கரையும் மட்டும் உப்பைப் போட்டுக் கலக்கி, நாலு மணியை நனைத்துப் போட வேண்டும். கண்ணாடி நேராக அடிக்குப் போகும். பெரும்பாலான பிளாஸ்டிக் மிதக்கும், அல்லது நடுவில் தயங்கி நிற்கும். துளையில் காற்றுக் குமிழி இருந்தால் கண்ணாடியும் ஏமாற்றும், ஆகவே விரலால் நன்றாக நனைத்துப் போடுங்கள்.

பூச்சு நிறமா என்பதை அறிய, நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு மணியைத் துடைத்தால் போதும். பஞ்சில் நிறம் வந்தால் அது பூச்சு. பூச்சு மணியை விற்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கொலு பொம்மை மாலைக்கு அது தாராளமாகப் போதும். துணியில் தைக்கிறவருக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்ப்பதும் ஒரு வழி, பிளாஸ்டிக் உருகி நாறும். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் அந்த வேலை வேண்டாம்.

இனி, கண்ணாடி என்று தெரிந்த பிறகு கைவேலையா, அச்சில் அழுத்தியதா என்பது. பூதக்கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சு மணியில் நடுவாக மெல்லிய கோடு ஓடும், எல்லா மணியிலும் ஒரே இடத்தில் இருக்கும். கம்பியில் சுற்றிய மணியில் நிற ரேகையும் குமிழியும் துளையைச் சுற்றி வளைந்து போகும். குழாயாக இழுத்து நறுக்கிய மணியில் அவை துளையோடு இணையாக நீளவாட்டில் ஓடும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மணி வியாபாரத்தில் பாதி புரிந்த மாதிரி.

செய்யும் விதம்

சுற்று மணி என்பது விளக்கடி வேலை. காஸும் ஆக்சிஜனும் கலந்து எரியும் பர்னர் முன்னால் ஆள் உட்கார்ந்து, பென்சில் போன்ற கண்ணாடிக் குச்சியைத் தீயில் காட்டுகிறார். அது வெல்லப் பாகு பதத்துக்கு இளகுகிறது. மற்றொரு கையில் இரும்புக் கம்பி. கம்பியின் மேல் வெண்களிமண் பூசிக் காய வைத்திருப்பார், இல்லாவிட்டால் மணி கம்பியோடு ஒட்டிக்கொண்டு பிறகு வரவே வராது. கம்பியைத் திருப்பிக்கொண்டே பாகைச் சுற்ற வேண்டும். திருப்புவது ஒரு நொடி நின்றாலும் பாகு ஒரு பக்கம் தொங்கிவிடும். உருண்டை வந்ததும் தட்டையான தகட்டில் உருட்டி வடிவம் கொடுத்து, வேண்டுமானால் வேறு நிறக் குச்சியால் புள்ளியும் கோடும் வைக்கிறார். ஆறியபின் கம்பியை உருவினால் அது இருந்த இடமே துளை.

நிறம் எங்கிருந்து வருகிறது? கண்ணாடி உருகும்போதே சேர்க்கும் உலோகப் பொருளிலிருந்து வருகிறது. கோபால்ட் கருநீலம் தரும். செம்பு, பச்சை கலந்த நீலம் தரும். மாங்கனீசு கத்தரிப்பூ நிறம் தரும். இப்படி உள்ளேயே ஊறிய நிறம் வெயிலுக்கும் சோப்புக்கும் போகாது.

வாங்குகிறவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஆற வைக்கும் விதம். தீயிலிருந்து எடுத்த மணி வெளியே சீக்கிரம் ஆறும், உள்ளே சூடு நிற்கும். அந்த இழுபறி மணிக்குள்ளேயே தங்கிவிட்டால், செய்தபோது ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து நம் ஷோகேஸில் இருக்கும்போது தானாக விரிசல் விடும். இதைத் தவிர்க்கச் சூளையில் சுமார் 500 டிகிரி செல்சியஸில் வைத்து மெதுவாக இறக்குகிறார்கள். சிறு பட்டறைகளில் சாம்பலில் புதைத்து ஆற வைப்பது உண்டு. பொடி மணிக்கு அதுவே போதும். 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணிக்குச் சூளை இருந்தால்தான் நம்பலாம். வேறு வேறு வகைக் கண்ணாடியைக் கலந்து செய்தாலும், ஒன்று சுருங்கும் அளவு மற்றொன்று சுருங்காது, அதனாலும் உடையும். எனவே பெரிய மணி புது லாட் வந்தால், நாலைந்தைக் கை பொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, எடுத்துக் குழாய்த் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடைகிற மணி அங்கேயே உடையட்டும். மீதியை ஒரு வாரம் உள்ளே வைத்திருந்து பிறகு கடைக்குக் கொண்டுவாருங்கள்.

இழுப்பு மணி முற்றிலும் வேறு தொழில். உருகிய கண்ணாடியைப் பெரிய உருண்டையாக எடுத்து, நடுவில் துளையிட்டு, அதை நீளக் குழாயாக இழுக்கிறார்கள். குழாயைச் சிறு சிறு துண்டாக நறுக்கிச் சாம்பலோடு சேர்த்துச் சட்டியில் சூடாக்கிக் கிளறினால் கூர் முனை மழுங்கி உருண்டையாகும். சாம்பல் துளைக்குள் புகுந்துகொள்வதால் துளை மூடாது. பிறகு சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். நம் அரிசி, பருப்பு சலிக்கிற மாதிரிதான். இந்த வேலை நமக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். பிற்பாடு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். கண்ணாடி மணியும் அதைச் செய்த கழிவும் அங்கே கிடைத்திருக்கின்றன. இதே வகைப் பொடி மணி தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிடைப்பதால், மணிகளை ஆராய்ந்த பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற அமெரிக்கர் இந்தோ-பசிபிக் மணி என்று பெயர் வைத்தார். பழனிக்கு அருகே பொருந்தலிலும், கீழடியிலும்கூடக் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. அந்தப் பழைய இழுப்பு முறையை ஆராய்ச்சியாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்தது ஆந்திராவில், திருப்பதி பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில். சென்னையிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கும் ஊர், நம்மில் எத்தனை பேர் பெயர் கேட்டிருப்போம்?

இன்று கைவேலை மணி நமக்கு வருவது பெரும்பாலும் வடக்கிலிருந்து. உத்தரப் பிரதேசத்தில் வாரணாசியும், ஹாத்ரஸ் மாவட்டத்துப் புர்தில்நகரும் பேர்போனவை. வாரணாசி கண்ணாடி மணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பிரோசாபாத் என்றால் வளையல் என்று எல்லோரும் அறிவீர்கள். மறுபக்கம் செக் நாட்டிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் இயந்திர மணி வருகிறது. ஜப்பான் பொடி மணி அச்சடித்தது போல ஒரே அளவாக இருக்கும், ஆரிக்காரர்கள் விரும்புவார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும். அதோடு கைவேலை மணி போட்டி போட முடியாது, போட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கையும் கைவேலை மணியையும் ஒரே ஆணியில் மாட்டி ஒரே விலை சொன்னால், வாங்குகிறவர் பளபளப்பாக இருப்பதைத்தான் எடுப்பார். மூன்று நிறம் வைத்துச் சுற்றிய மணி தூசி படிந்து ஆணியிலேயே தங்கும். அடுத்த தடவை நாம் ஆர்டர் போடமாட்டோம். தீயின் முன்னால் உட்கார்ந்தவருக்குக் கூலி அப்படித்தான் குறைகிறது.

கடையில் வைக்கும் முறை

கண்ணாடி மணிக்கு வெளிச்சம்தான் உயிர். ஒளி ஊடுருவும் மணியைப் பலகை மேலோ கறுப்புத் துணி மேலோ போட்டால் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். அதைத் தொங்கவிட வேண்டும், பின்னால் வெள்ளை அட்டையோ பால் நிறக் கண்ணாடியோ இருக்க வேண்டும், ஒளி பின்னாலிருந்து வர வேண்டும். நிறம் ஊடுருவாத மணி, புள்ளி வைத்த மணி இவற்றுக்கு நேர்மாறு. ஒளி முன்னாலிருந்து விழ வேண்டும், பின்னணி மங்கலாக இருந்தால் நல்லது. இரண்டையும் கலந்து ஒரே தட்டில் வைக்கிறவர்கள் இரண்டையுமே கெடுக்கிறார்கள்.

மஞ்சள் பல்பு வேண்டாம். மஞ்சள் ஒளியில் நீலம் பச்சையாகவும், கத்தரிப்பூ பழுப்பாகவும் தெரியும். புடவையோடு பொருத்திப் பார்க்க வருகிறவர் வாசலுக்கும் கவுண்டருக்கும் நடந்துகொண்டிருப்பார். பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை டியூப் ஒன்று மணி இருக்கும் இடத்தில் மட்டும் போட்டால் போதும். எங்களுக்குத் தெரிந்த மயிலாப்பூர்க் கடை ஒன்று ஆறடி அகலம்தான். அவர் சரங்களை வாசல் நிலைக்கு உட்புறம் கிழக்கு வெளிச்சம் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறார். காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்க்காமல் போவதில்லை. அவருக்கு விளக்குச் செலவே கிடையாது.

மாட்டும்போது நிறவாரியாக மாட்டுங்கள். அளவுவாரியாக மாட்டுவது நமக்கு ஸ்டாக் எடுக்க வசதி, வாங்குகிறவருக்கு அல்ல. அவர் "அரக்கு இருக்கா, இலைப்பச்சை இருக்கா" என்றுதான் கேட்பார். ஒவ்வொரு நிறத்துக்குள்ளே பெரியது முதல் சிறியது வரை வரட்டும். ஒரு மாதிரிப் பலகை அவசியம். ஒவ்வொரு வகையிலும் ஒரு மணியைத் தைத்து, கீழே எண், அளவு, சரத்துக்கு எத்தனை, விலை என்று எழுதி வைத்தால் பையன் இல்லாத நேரத்திலும் வியாபாரம் நடக்கும். பொடி மணியில் எண் பெரிதானால் மணி சிறிது என்பதைப் புதிதாக விற்கிறவர்கள் நினைவில் வைக்கவும். 11ஆம் எண் சுமார் 2 மில்லிமீட்டர், 8ஆம் எண் சுமார் 3, 6ஆம் எண் சுமார் 4. இதை மாற்றிக் கொடுத்துவிட்டு அவதிப்படுகிறவர்கள் உண்டு.

கொட்டிக் காட்டும் தட்டில் குளியல் துவாலையை மடித்துப் போடுங்கள், மணி உருளாது. ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசலில் கை பட்டு ஒரு டப்பா கவிழ்ந்தால் பொறுக்கி எடுக்க ஆள் ஏது? அங்கே மூடி போட்ட பாட்டிலும் மாதிரிப் பலகையும்தான் சரி. பாண்டி பஜாரில் 2019ல் நடைபாதையை அகலமாக்கிய பிறகு ஜனங்கள் மெதுவாக நடக்கிறார்கள். அங்கே ஜன்னலில் பத்துச் சரம் நன்றாக வைத்தால் போதும். நூறு சரம் அடைத்தால் கண் எதிலும் நிற்காது.

மயிலாப்பூர், அடையாறு கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கடற்காற்று கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஆனால் கொக்கி, வளையம், கம்பி எல்லாவற்றையும் கறுக்கச் செய்யும். கறுத்த கொக்கியில் தொங்கும் மணி பழைய சரக்கு மாதிரிதான் தெரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியும் நைலான் நூலும் உபயோகியுங்கள். உலோகச் சாமானைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை சரத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துவாலையில் உலர்த்தினால் புதுச் சரக்கு போல் இருக்கும். பூச்சு மணிக்கு இந்தக் குளியல் கூடாது.

கைவேலைச் சரத்தின் பக்கத்தில் ஒரு சிறு அட்டை வையுங்கள்: "கையால் செய்த கண்ணாடி மணி. அளவிலும் நிறத்திலும் சிறு வேறுபாடு இருக்கும்." இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்த வேறுபாடு குறை என்று பேரம் பேசுவார்கள். இருந்தால் அதையே காட்டி மகளிடம் விளக்குவார்கள். பிளாஸ்டிக் சரத்துக்கும் பிளாஸ்டிக் என்றே அட்டை போடுங்கள். விற்பனை குறையும் என்று பயப்பட வேண்டாம், மலிவு கேட்கிறவர் அதைத்தான் எடுப்பார். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட வாங்குகிறவர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்குக் கட்ட மணி கேட்டால், நூல் அறுந்தால் மணி வாய்க்குப் போகும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

கோர்த்து விற்க நினைப்பவர்கள், மயிலாப்பூர் குளக்கரையிலும் பாண்டி பஜாரிலும் ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களின் கைத்திறனைப் பார்க்க வேண்டும். அவர்கள் கோர்க்கும் வேகமும் முடிச்சின் உறுதியும் எந்த டிசைனருக்கும் வராது. மணியை நாம் மொத்தமாகக் கொடுத்து, கூலி பேசிக் கோர்த்து வாங்குவது இருவருக்கும் லாபம். கூலியை மாலை எண்ணிக்கைக்குப் பேசுங்கள், அன்றைக்கன்றே கொடுங்கள்.

கொள்முதலில் சில விஷயம்

கைவேலை மணியில் ஒரே நிறம் அடுத்த லாட்டில் அப்படியே வராது. ஆகவே ஆரிக்காரர்களிடம் ரவிக்கைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கச் சொல்லுங்கள். லாட்டுக்கு ஒரு சிறு சரம் தேதி எழுதி நாம் வைத்துக்கொள்வதும் நல்லது, பிறகு தகராறு வந்தால் காட்டலாம். விலை போடும்போது உடைசலையும் அறுந்து சிதறுவதையும் கணக்கில் சேருங்கள். உதாரணமாக, ஒரு சரம் அடக்கம் 60 ரூபாய் என்றால், நூறு சரத்தில் ஐந்து சேதமாகும் என்று வைத்துக்கொண்டால் உண்மையான அடக்கம் 63 ரூபாய்க்கு மேல் போகிறது. லாபத்தை அதன் மேல்தான் போட வேண்டும். கிலோ கணக்கில் வாங்கிச் சர கணக்கில் விற்கிறவர்கள் ஒரு கிலோவுக்கு எத்தனை சரம் என்று ஒரு தடவையாவது எண்ணிப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் கண்ணாடி ஆனால் 30 சரம் அளவில் வரும். 60 வந்தால் என்ன சரக்கு என்று இதற்குள் உங்களுக்கே தெரியும்.

முன்கூட்டியே கவரில் போட்டு ஒட்டி விற்றால் அது பேக்கிங் செய்த பொருள் கணக்கில் வரும். எடை அல்லது எண்ணிக்கை, அதிகபட்ச விலை, பேக் செய்தவர் பெயர், விலாசம், மாதம், வருடம் இவை அதன் மேல் இருக்க வேண்டும். எடையளவு அதிகாரி வந்து கேட்டபின் தேட வேண்டாம்.

வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கண்ணாடி வளையலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதைப் பார்த்து, மணியும் அதே தலைப்புத்தானே என்று வரியில்லாமல் பில் போடுகிறார்கள் சிலர். வளையலுக்குக் கொடுத்த விலக்கு மணிக்கு வராது. கோர்த்து மாலையாக்கினால் அது கவரிங் நகை போன்ற வேறு தலைப்புக்குப் போய், விகிதமும் மாறும். தனி மணி, கோர்த்த மாலை இரண்டையும் பில்லில் தனித்தனி வரியாக எழுதுங்கள். விகிதம் அவ்வப்போது மாறுவதால் ஆடி சரக்குக்கு ஆர்டர் போடும் முன்னர் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து சரக்கு வந்து சேர நாளாகும், ஆகவே வைகாசிக் கடைசிக்குள் ஆர்டர் போய்விட வேண்டும்.